நாற்காலி தூக்குவதற்கா இளைஞர்?

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங்கை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஊர் மாசாய். ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த சிற்றூர் அது. 1977 ஆம் ஆண்டில் பாசிர் கூடாங்கில் ஜொகூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. ஆலைகள் எழுந்தன, தோட்டங்கள் தாமான்களாயின, லயத்தில் பிறந்தவரின் பிள்ளைகள் அடுக்கு வீடுகளில் வளர்ந்தனர். தோட்டம் மறைந்ததற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. அங்கே வறுமையும் அடிமைத்தனமும் மிகுதி. ஆயினும் தோட்டம் மறைந்தபோது அதனோடு மறைந்த ஒன்றைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. தோட்டத்துப் பையன் ஒருவன் படிப்படியாகப் பொறுப்பேற்று மனிதனாகும் வழி அங்கே ஏதோ ஒரு வடிவில் இருந்தது. கோயில் திருவிழாவில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. 1954 இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளையில், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞனுக்குக் கணக்கெழுதும் பணி கிடைத்தது. மேலாளர் முன் நின்று நியாயம் பேசும் துணிவை அவன் அங்கேதான் கற்றான். எந்தப் பயிலரங்கும் அவனுக்கு அதைக் கற்பிக்கவில்லை.

அந்த ஏணி இன்று எங்கே? தாமான்களில் அதற்கு ஈடாக எதை வைத்தது தமிழ்ச் சமுதாயம்?

இயக்கத் தலைவர்களிடம் கேட்டால் உடனே விடை வரும்: “தலைமைத்துவப் பயிலரங்குகள் நடத்துகிறோம்!” ஆம், நடத்துகின்றனர். தங்குவிடுதி மண்டபத்தில் இரண்டு நாள். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, திறப்புரை. பிரமுகர் வருவதற்குத் தாமதமானால் அதுவரை இளைஞர் காத்திருக்க வேண்டும். “நாளைய தலைவர்கள் நீங்களே” என்று அவர்களைப் பார்த்துச் சொல்லப்படும். மாலையில் நற்சான்றிதழும் குழுப்படமும் உண்டு. மறுநாள் அதே இளைஞன் தன் ஊர்ச் சங்கத்துக்குத் திரும்புகிறான். அங்கே அவனுக்குக் காத்திருக்கும் பணி என்ன? நாற்காலி தூக்குதல், பதாகை கட்டுதல், பிரமுகரின் வாகனத்துக்கு இடம் பிடித்தல். பெண்ணாயின், வரவேற்பில் சந்தனமும் கற்கண்டும் நீட்டுதல். எந்தச் செலவையும் முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. எந்தத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்குக்கு எடை இல்லை. நாளைய தலைவர் என்னும் பட்டம் மட்டும் கிடைத்தது. அந்த நாளை எந்த நாள் என்பதை எவரும் சொல்லவில்லை.

பணமும் முடிவும் பழியும் கையில் கொடாத தலைமைப் பயிற்சி, பயிற்சியே அன்று, சடங்கு. நீந்தக் கற்பவனை ஆற்றங்கரையில் அமர்த்தி நீரின் சிறப்பைச் சொற்பொழிவாற்றினால் அவன் நீந்துவானா? வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து ஆளைத் தேர்ந்தெடு. தேர்ந்தெடுத்தபின் வேலையை அவன் கையிலே விட்டுவிடு என்பதே அதன் சாரம். குறளை மேடைதோறும் முழங்குவோர் அதன் முதற்பாதியைக்கூடப் பின்பற்றுவதில்லை. பிற்பாதியைக் கண்டு அஞ்சுகின்றனர்.

சங்கம் அஞ்சித் தயங்கும் இடத்தில் வேறொருவர் தயங்குவதில்லை. இதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினராகக் கணக்கிடப்பட்ட ஏறத்தாழ 40,000 பேரில், பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என அப்போது அறிவிக்கப்பட்டது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர். கும்பல்களிலோ பத்துக்கு ஏழு பேர்! இவ்வெண்களைக் கேட்டதும் திரைப்படத்தைப் பழித்தோர் உண்டு. பெற்றோரைப் பழித்தோர் உண்டு. வறுமையைக் காரணம் காட்டியோரும் உண்டு. அவை யாவும் காரணங்களே. ஆனால், கும்பல் அந்தப் பையனுக்கு எதைக் கொடுக்கிறது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

பதினைந்து வயதுப் பையனிடம் கும்பல் அனுபவம் கேட்பதில்லை. விண்ணப்பப் படிவம் நீட்டுவதில்லை. அவனுக்கு அது ஒரு பெயர் கொடுக்கிறது. தோளில் கைபோடும் தோழர்களைக் கொடுக்கிறது. ஒரு வேலை கொடுக்கிறது. அவ்வேலையை முடித்து வந்தால் பத்துப் பேருக்கு நடுவே பாராட்டுகிறது. இருபது வயதில் அவனை ஐவருக்குத் தலைவனாக்குகிறது. தோழமையையும் தலைமையையும் அவனுக்குத் தடையின்றி வழங்கும் ஒரே அமைப்பு அவனை அழிக்கும் அமைப்பாக இருப்பது யார் குற்றம்? நாற்பது வயதைக் கடந்தோர் இளைஞர் பிரிவுத் தலைவராய் அமர்ந்திருக்கும் இயக்கங்கள் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

நாட்டின் சட்டம்கூட இளைஞரை நம்பத் தொடங்கிவிட்டது. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. அத்திருத்தம் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்த மாநிலத் தேர்தல் எது? 2022 மார்ச் 12 இல் நடைபெற்ற ஜொகூர் மாநிலத் தேர்தலே. மாசாய் இளைஞனும் மாசாய்ப் பெண்ணும் அன்று மாநில அரசையே தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றனர். சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவனுக்குத் தாமான் கோயிலின் திருவிழாச் செலவை முடிவு செய்யும் தகுதி மட்டும் இல்லையா? அதே 2019 இல், இளைஞர் என்பதற்குரிய உச்ச வயதை 40 இலிருந்து 30 ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. அதனை நடைமுறைப்படுத்துவதோ ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போயிற்று. நாற்காலியை விட்டு எழுவது அத்துணை கடினம் போலும்!

தமிழர்க்கு இது தெரியாத வித்தையா எனின், அன்று. முன்னோர் செய்து காட்டியதே. 1935 இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அவ்விதழின் பக்கங்களையே மாணவர்க்குத் திறந்துவிட்டார். ‘மாணவர் மணிமன்றம்’ என்ற அப்பகுதியில் சிறுவர் சிறுமியர் எழுதினர். எழுதியவர் ஒருவரையொருவர் தேடிக் கூடினர். கூடியவர் மன்றங்கள் அமைத்தனர். தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் இயக்கத்தின் வேர் அங்கேதான் உள்ளது. பிற்காலத்தில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கியோர் பலர் அந்தப் பக்கத்தில்தான் முதன்முதலில் தம் பெயரை அச்சில் கண்டனர். சாரங்கபாணி அவர்களுக்குச் சொற்பொழிவு மட்டும் வழங்கியிருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? தம் கையிலிருந்த மிக அரிய பொருளை, அதாவது இதழின் இடத்தை, அவர் பங்கிட்டுக் கொடுத்தார். அதனால்தான் விளைந்தது.

1982 இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தின் கதையும் இதுவே. முனைவர் தம்பிராஜா பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டித் தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித்தர வைத்தார். பாடம் கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தது. புகுந்த பிள்ளை திரும்பி வந்து பாடம் சொன்னது. ‘தலைமைத்துவம்’ என்று பெயர் சூட்டாமலே அங்கு தலைமை வளர்ந்தது. தன்னை நம்பிப் பத்துப் பிள்ளைகள் எதிரே அமர்ந்திருக்கும்போது இருபது வயது இளைஞன் ஒரே மாதத்தில் முதிர்ந்துவிடுகிறான்.

உலகிலே சிறுபான்மையாய்ச் சிதறி வாழும் பிற இனத்தாரின் வழியையும் எண்ணிப் பார்த்தல் தகும். அமெரிக்காவில் வாழும் யூதர் இதற்கு ஏற்ற சான்று. இஸ்ரேல் அரசின் செயல்கள் மீது மலேசியர்க்குள்ள கண்டனம் வேறு. பிறநாட்டில் வாழும் ஒரு சிறுபான்மை இனம் தன் பிள்ளைகளைக் கைவிடாமல் காக்கும் முறை வேறு. முன்னதை மறக்காமலே பின்னதைக் கற்கலாம்.

1923 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லெல் என்ற மாணவர் அமைப்புப் பிறந்தது. யூத மாணவர் தம் மரபையே அறியாமல் இருப்பதைக் கண்டு முதலில் வருந்தியவர் ஒரு கிறித்துவப் பேராசிரியர் என்பது வியப்பானது. விவிலிய இலக்கியம் கற்பித்த எட்வர்டு சான்சி பால்டுவின் என்பவரே அவர். அவ்வருத்தத்தைச் செயலாக்கிய பெஞ்சமின் ஃபிராங்கல் முப்பது வயதை எட்டாத இளைய சமயகுரு. 1843 இல் நியூயார்க்கில் தோன்றிய பினாய் பிரித் என்னும் மூத்த சங்கம் பின்னர் அப்பொறுப்பை ஏற்றது. முதியோர் பணம் தந்தனர், இளையோர் நடத்தினர். இன்று அவ்வமைப்பு நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களில் இயங்குகிறது.

1988 முதல் வெக்ஸ்னர் அறநிறுவனம் மேற்பட்டப் படிப்பு மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கி வருகிறது. யார் யாருக்கு? சமயகுருவாகப் போகிறவர்க்கு, சமூக நிறுவனங்களை நிர்வகிக்கப் போகிறவர்க்கு, ஆய்வாளர்க்கு. அவர்களோடு ஆசிரியராகப் போகிறவர்க்கும். படிப்புச் செலவோடு தலைமைப் பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கிறது. தமிழாசிரியர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். அச்சமுதாயம் ஆசிரியரைத் தலைவர் வரிசையில் வைத்து வளர்க்கிறது. தமிழ்ச் சமுதாயமோ ஆசிரியரைக் கூட்ட அறிவிப்பாளராக வைத்திருக்கிறது.

2006 இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ‘மொய்ஷி இல்லம்’ என்ற பெயரில் மற்றொரு முயற்சி தொடங்கியது. அதன் எளிமை பின்பற்றத்தக்கது. சில இளைஞர் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்வர். வாடகையில் ஒரு பகுதியை அமைப்பு ஏற்கும். அதற்கு ஈடாக அவர்கள் தம் வயதினரை அவ்வீட்டிற்கு அழைத்து விழாவும் விருந்தும் உரையாடலும் நடத்த வேண்டும். மண்டபம் இல்லை, மேடை இல்லை, பிரமுகரும் இல்லை. ஒரு வீடும் ஒரு பொறுப்பும் உள்ளன. அம்முறை பின்னர் உலகின் பல நகரங்களுக்குப் பரவியது.

இவற்றைக் கேட்டதும் எழும் மறுப்புகள் மூன்று.

முதலாவது: “அவர்களிடம் செல்வர் உண்டு, தமிழர் ஏழைகள்.” இதனைச் சொல்வோர் தம் வரலாற்றை மறந்தோர். 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது எந்தச் செல்வர் பணம் கொட்டினார்? வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலம் அது. பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை செலுத்தின. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் சொத்தாயிற்று. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலோ, 1991 இல் சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் அமைந்தது. அங்குக் குடியுரிமையும் நிரந்தர வாசமும் பெற்ற இந்திய ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறுதொகை அதற்குச் செல்கிறது. மாசாயிலிருந்து நாள்தோறும் விடியுமுன் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர் பலர். அங்கே மாதந்தோறும் சிறுதொகை பெருநிதியாவதைக் காணும் அவர்கள், இங்கே திருவிழாவில் ஒரே இரவில் வாணவேடிக்கையாய்க் கரியும் பணத்தையும் காண்கின்றனர். ஏழ்மை பணத்தில் இல்லை. பணம் போகும் திசையில் உள்ளது.

இரண்டாவது: “இன்றைய இளைஞர்க்கு அக்கறை இல்லை, கைப்பேசியே கதி.” கூட்டங்களின் நேரத்தைப் பாருங்கள். பாசிர் கூடாங் ஆலைகளில் வேலை மாறுநேரத்தில் நடக்கிறது. இரவு வேலை முடித்து வந்தவன் ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவான்? தலைமைப் பயிற்சி கோலாலம்பூரில். மாசாய்க்கும் அதற்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். வேலைநாளில் நடந்தால் சம்பளம் போகும். இளைஞர் வர முடியாத நேரத்தில், வர முடியாத இடத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவரும் வரவில்லையே என்று அங்கலாய்ப்பது நேர்மையாகாது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் இரவெல்லாம் நிற்பவர் யார்? அதே ‘அக்கறையற்ற’ இளைஞர்தாம்.

மூன்றாவது: “பணத்தைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவர்.” பாழாகலாம். முதல் ஆண்டில் ஐந்நூறு வெள்ளி பாழாகலாம். பெரியோர் கைப்பட்ட பொதுப்பணம் எல்லாம் காசு குறையாமல் கணக்கில் நின்றதா என்று திருப்பிக் கேட்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அச்சண்டை வேண்டியதில்லை. இருபது வயதில் ஐந்நூறு வெள்ளியில் தவறு செய்து, பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குச் சொல்லி, தலைகுனிந்து திருந்தியவன், நாற்பது வயதில் ஐந்து இலட்சத்தைக் காப்பான். அத்தவற்றை இருபதில் செய்ய விடாதோர், நாற்பதில் பெரிதாகச் செய்ய வழி வகுக்கின்றனர்.

ஆகவே மாசாய் போன்ற ஊர்கள் செய்யக்கூடியவை எவை?

ஒன்று: ஒவ்வோர் ஆலயமும் இயக்கமும் தன் ஆண்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கை 18 முதல் 30 வயதுக்குட்பட்டோரின் செயலவையிடம் ஒப்படைக்கட்டும். எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களே கணக்கை வாசிக்கட்டும். அச்செயலவையில் சரிபாதி பெண்கள் இருக்கட்டும்.

இரண்டு: தாமானில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுக்கட்டும். வேலை பார்க்கும் நான்கு இளைஞர்க்குக் குறைந்த வாடகையில் அதைக் கொடுக்கட்டும். மற்றொன்றைப் பெண்களுக்குக் கொடுக்கட்டும். கட்டுப்பாடு இரண்டே: வாரம் இருமுறை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், மாதம் ஒருமுறை தம் வயதினரின் ஒன்றுகூடல். இராஜகோபுரத்துக்கு வண்ணம் பூசும் செலவோடு ஒப்பிட்டால் இது பெருஞ்செலவன்று.

மூன்று: உபகாரச் சம்பளத்தை ‘ஏ’ எண்ணிக்கையை மட்டும் பார்த்து வழங்கும் வழக்கம் மாறட்டும். பல ‘ஏ’ பெற்றவரைத் தேடி வாய்ப்புகள் தாமே வருகின்றன. எஸ்.பி.எம். முடித்து ஆலைக்குப் போனவனுக்கும், தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பயிலும் பெண்ணுக்கும் ஓராண்டுப் பொறுப்புப் பணி வழங்கட்டும். நேர்முகத்தில் ஒரு கேள்வி போதும்: “உன் தாமானுக்கு நீ இதுவரை என்ன செய்தாய்?”

நான்கு: எந்தப் பதவியிலும் இரு தவணைக்கு மேல் எவரும் நீடிக்கக் கூடாது என்று சங்க விதிகள் திருத்தப்படட்டும். அனுபவம் மதிக்கத்தக்கதே, அது ஆலோசகர் இருக்கையில் அமர்ந்தும் பயன்படும்.

இவற்றிற்கெல்லாம் கருவியாக வேண்டியவர் தமிழாசிரியரே. எந்தப் பிள்ளை தன் உணவைப் பங்கிட்டது, எந்தப் பிள்ளை சண்டையை விலக்கியது, எந்தப் பிள்ளை அடிபட்டும் உண்மை சொன்னது என்பதை ஆறாண்டுகள் அருகிருந்து கண்டவர் அவரன்றி வேறு யார்? மாசாய் தமிழ்ப்பள்ளியின் வாயிலைக் கடந்ததும் பிள்ளைகள் பல இடைநிலைப்பள்ளிகளில் சிதறுகின்றனர். பன்னிரண்டு வயதில் விடைபெறும் அப்பிள்ளையைச் சமுதாயம் அடுத்துச் சந்திப்பது எங்கே? திருமண அழைப்பிதழில், அல்லது காவல் நிலைய வாசலில். இடையிலுள்ள பத்து ஆண்டுகள் எவர் பொறுப்பிலும் இல்லை. அந்தப் பத்து ஆண்டுகளைத்தான் கும்பல்கள் குத்தகைக்கு எடுத்துள்ளன. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் முன்னாள் மாணவரின் பெயர்ப்பட்டியலைக் காத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களை அழைத்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைக்குமாயின் அக்குத்தகை முறியும்.

மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. பொறுப்பு தரப்படும்வரை காத்திருப்பது அடிமையின் பண்பு. இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழிக் கழகம் இல்லையெனில் தொடங்க முயலலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர எந்தச் செயலவையின் ஒப்புதலும் தேவையில்லை. பதவி தரத் தயங்குவோர், செய்து முடித்த பணியின் முன் வாய்திறக்க மாட்டார்.

தோட்டத்தில் பாட்டன் பத்து வெள்ளியைக் கொடுத்து நிலத்துக்கு உரிமையாளனானான். பேரனுக்கு நிலம் வேண்டாம், நம்பிக்கை போதும். அதையும் கொடுக்க மறுக்கும் சங்கத்தில் ஒருநாள் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். தூக்குவதற்கும் ஆள் இராது, அமர்வதற்கும் ஆள் இராது.